உஷார்! தீபாவளி முடிந்ததும் வயிற்றைக் கழுவப் புறப்படாதீர்கள்

தீபாவளிக்கு மறுநாள் காலையில் எந்த ஊர் மருந்துக் கடையில் போய் நின்றாலும் ஒரே குரல்தான் கேட்கும்: "அண்ணே, கேஸுக்கு ஒரு மாத்திரை கொடுங்க." நெஞ்சு கரிக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது, புளித்த ஏப்பம் வருகிறது, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இட்லியும் கறிக்குழம்பும், பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும், மதியம் பிரியாணி, சாயங்காலம் பஜ்ஜி, இரவில் மிச்சக் குழம்பு என்று முதல்நாள் போயிருக்கிறது. மாத்திரை வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு வெறும் அஜீரணம்தான். இரண்டு நாளில் அடங்கிவிடும். ஆனால் அந்தக் கூட்டத்தில் இதயக் குழாயில் அடைப்போடு ஒருவர் நிற்கலாம். அவரும் அதே மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் போய்ப் படுத்துவிடுகிறார்.

குடல், செரிமானம், பத்தியம் என்று எதைப் பேசுவதற்கு முன்னாலும் இதைச் சொல்லியாக வேண்டும். இதயத்தின் அடிப்பக்கம் உதரவிதானத்தின் மேல் இருக்கிறது. அதற்கு நேர் கீழே இரைப்பை. இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு வந்தால் வலி நெஞ்சில் தெரியாமல் மேல்வயிற்றில் தெரியலாம். குமட்டும், வாந்தி வரும், ஏப்பம்கூட வரும். நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்பு பாதிக்கப்பட்டிருப்பதால் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலும் களைப்புமாக மாரடைப்பு வரும். பெண்களிடமும் இப்படிப்பட்ட மங்கலான அறிகுறிகள் அதிகம். நெஞ்சில் பாரம், தாடைக்கோ தோளுக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, நாலு படி ஏறினால் கூடி உட்கார்ந்தால் குறைகிற அசௌகரியம் — இதில் ஒன்று இருந்தாலும் மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். நீங்களே பைக்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். அங்கே போனதும் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும், மருத்துவர் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும் என்றால் மறுக்காமல் இருங்கள்.

பண்டிகைக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு வெறும் பயமுறுத்தல் இல்லை. ஸ்வீடனில் 1998 முதல் 2013 வரை பதிவான 2,83,000 மாரடைப்புகளை ஆராய்ந்து 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அங்கே குடும்பமாகக் கூடி விருந்துண்ணும் நாள். அன்றைக்கு மாரடைப்பு அபாயம் வழக்கத்தைவிட 37 சதவீதம் அதிகம். அதிலும் இரவு பத்து மணி வாக்கில் உச்சம். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் ஆகியோரிடம் இது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. சாப்பாடு மட்டும்தான் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அலைச்சல், உணர்ச்சிக் கொந்தளிப்பு, மது எல்லாம் சேர்ந்திருக்கலாம். நம் தீபாவளியில் இவற்றில் எது இல்லை? பட்டாசுப் புகை வேறு கூடுதலாக இருக்கிறது.

இதயத்துக்கு அடுத்தபடி அஞ்ச வேண்டியவை இரண்டு வலிகள். ஒன்று, மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போகும் வலி. மல்லாந்து படுத்தால் தாங்க முடியாது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும், வாந்தி நிற்காது. இது கணைய அழற்சியாக இருக்கலாம். பித்தப்பைக் கற்களும் மதுவும் இதற்கு முதன்மையான காரணங்கள். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு 1,000 மில்லிகிராமைத் தாண்டி நிற்பவர்களுக்கும் வரும். பண்டிகை நாளில் கறி விருந்தும் மதுவும் ஒன்றாகச் சேர்கிற வீடுகளில் இந்த வலியைப் "போதை தெளியவில்லை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டாவது, வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே கிளம்பி வலது தோள்பட்டைக்கு ஏறும் வலி. கொழுப்பு அதிகமுள்ள சாப்பாடு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைத் தள்ளும். அப்போது ஒரு கல் பித்தப்பையின் வாயில் சிக்கிக்கொண்டால் இந்த வலி. கூடவே குளிர்காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று விடக்கூடாது.

இந்த மூன்றும் இல்லை, வெறும் வயிற்று மந்தம்தான் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் அடுத்த ஆபத்து தொடங்குகிறது; நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். தின்றது ஒரு நாள். அதைக் "கழுவி எடுக்க" அடுத்த ஒரு வாரம் நாம் செய்கிற காரியங்கள் தின்றதைவிடக் கெடுதலானவை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நெய்யும் எண்ணெயும் மிகுந்த சாப்பாடு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். அதனால்தான் மதியம் தின்ற பிரியாணி இரவிலும் கனக்கிறது. சாப்பிட்ட மூன்று நான்கு மணி நேரத்தில் ரத்தத்தில் கொழுப்பு உச்சத்துக்கு ஏறுகிறது. குடலில் வாழும் சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் உண்டு. கொழுப்போடு ஒட்டிக்கொண்டு அதில் சிறிதளவு ரத்தத்துக்குள் நுழையும். நோய் எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொள்ளும். லேசான அழற்சி உண்டாகும். மறுநாள் உடம்பு அடித்துப்போட்டது போல இருப்பதில் இதற்கும் பங்கு இருக்கலாம். மிச்சத்தை உப்பும் தூக்கக்கேடும் பார்த்துக்கொள்கின்றன. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மிக்சரும் முறுக்கும் ஊறுகாயும் குழம்புமாக ஓடிய நாளில் அந்தக் கணக்கு எப்போதோ தாண்டியிருக்கும். மோதிரம் இறுகுவதும் முகம் ஊதுவதும் உடம்பு பிடித்துவைத்திருக்கும் தண்ணீரால்.

ஆனால் இதெல்லாம் நிலைத்து நிற்பவை அல்ல. சிறுகுடலின் உள்சுவர் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. 2014-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில், தன்னார்வலர்களுக்கு ஐந்து நாள் இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி மட்டுமே கொடுத்துப் பார்த்தார்கள். குடல் பாக்டீரியாக்களின் சேர்க்கை ஒரே நாளில் மாறத் தொடங்கியது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் ஏறக்குறைய இரண்டு நாளில் பழையபடி ஆகிவிட்டது. கல்லீரலும் சிறுநீரகமும் கழிவை வெளியேற்றும் வேலையைத் தீபாவளிக்கும் லீவு போடாமல் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு நாம் பாட்டிலில் வாங்கிக் கொடுக்க ஒன்றுமில்லை. குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

பேதிக்குக் கொடுக்கிற பழக்கத்துக்கு வருகிறேன். "வயிறு சுத்தமானால் எல்லாம் சரியாகிடும்" என்று விளக்கெண்ணெயோ, நிலாவாரைச் சூரணமோ, கடையில் கிடைக்கும் பிசாகோடில் மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இனிப்பின் சர்க்கரையும் எண்ணெயின் கொழுப்பும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு முதல்நாளே ரத்தத்துக்குப் போய்விட்டன. நிலாவாரையும் பிசாகோடிலும் வேலை செய்வது பெருங்குடலில். அங்கிருந்து வெளியேறுவது தண்ணீரும் உப்புகளும், முக்கியமாகப் பொட்டாசியமும்தான். மறுநாள் எடை இயந்திரம் ஒரு கிலோ குறைத்துக் காட்டினால் அது தண்ணீரின் எடை. இளவயதுக்காரர் தாக்குப்பிடிப்பார். ரத்த அழுத்தத்துக்கோ இதயச் செயலிழப்புக்கோ நீர்பிரியும் மாத்திரை சாப்பிடுகிற பெரியவருக்குப் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். கழிவறையில் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் இப்படித்தான். நாட்டு மருந்தென்று நேர்வாளம் கலந்த பேதி மருந்தை யாரோ சொன்னார்கள் என்று வாங்கிக் கொடுப்பது இதைவிடக் கொடுமை. நேர்வாளம் கடும் நச்சு வித்து. முறைப்படி சுத்தி செய்யத் தெரிந்த சித்த மருத்துவர் ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டியதை வீட்டில் விளையாட முடியாது.

இன்னொன்றையும் தாய்மார்கள் மனதில் வைக்க வேண்டும். பிள்ளைக்கு வயிற்றுவலி என்றதும் "பலகாரம் தின்னது சேரலை" என்று விளக்கெண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, பசியின்மை, வாந்தி, இளங்காய்ச்சல் என்றால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அந்த நேரத்தில் பேதி மருந்து கொடுத்தால் குடல்வால் வெடிக்கும் அபாயம் கூடுகிறது. காரணம் தெரியாத வயிற்றுவலிக்குப் பேதி மருந்து கூடாது என்பது அறுவை சிகிச்சைத் துறையின் பழைய, உறுதியான பாடம்.

பேதி மாத்திரையை இழிவாக நினைக்கிறவர்கள் இப்போது பச்சைச் சாறுக்குப் போகிறார்கள். "டீடாக்ஸ்" என்ற ஒரு சொல் பண்டிகை முடிந்ததும் கைபேசி முழுக்க ஓடுகிறது. சுரைக்காய்ச் சாறு, நெல்லிக்காய்ச் சாறு, கீரைச் சாறு, காலையில் வெறும் வயிற்றில். சுரைக்காய் நல்ல காய்தான். கூட்டு வைத்துச் சாப்பிடலாம். ஆனால் பச்சையாக அரைத்துக் குடிக்கும்போது ஒரு கொடிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. சுரை, வெள்ளரி, பீர்க்கு இனங்களில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு உண்டு. சில காய்களில் அது மிதமிஞ்சி ஏறியிருக்கும். வெளியில் பார்த்தால் தெரியாது. 2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்துபோனார். அதற்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து விசாரித்து, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றை ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது என்று எச்சரித்தது. குடித்த சிறிது நேரத்தில் வயிற்றுவலி, வாந்தி, ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் சரிவு. இதற்கு மாற்று மருந்து கிடையாது. அறிகுறிகளுக்கு மட்டுமே சிகிச்சை. "கசந்தால்தான் மருந்து, மூக்கைப் பிடிச்சிட்டுக் குடி" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். காயை நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் குப்பையில் போடுங்கள்.

அதே போலக் கேரளத்தில் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி இரும்பன்புளி எனப்படும் பிலிம்பிக் காயைச் சாறு பிழிந்து குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்த நிகழ்வுகள் 2013-ல் சிறுநீரகவியல் இதழில் பதிவாகின. காரணம் ஆக்ஸலேட். பசலைக்கீரையிலும் விளிம்பிப்பழம் எனப்படும் நட்சத்திரப் பழத்திலும் அது நிறைய உண்டு. பொரியலாக ஒரு கரண்டி சாப்பிடுவது வேறு, அரைக் கிலோவை அரைத்து நாள்தோறும் டம்ளர் டம்ளராகக் குடிப்பது வேறு. சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

அழற்சியைக் குறைக்கும் என்று மஞ்சள் மாத்திரை விற்கிறார்கள். குழம்பில் போடும் மஞ்சள்தூளால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பிரித்தெடுத்த குர்குமினை அடர்த்தியாக அடைத்து, உடம்பில் நன்றாகச் சேரட்டும் என்று மிளகின் பைப்பரினையும் கலந்த மாத்திரைகளால் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலை வந்தவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். அங்குள்ள மருத்துவத் துறையினர் இதைப் பதிவு செய்து எச்சரித்திருக்கிறார்கள். இயற்கைப் பொருள் என்று அட்டையில் அச்சடித்திருப்பதைக் கல்லீரல் படிப்பதில்லை.

சரி, பழைய கைவைத்தியம் சோடா உப்பாவது பரவாயில்லையா? வயிறு முட்டத் தின்றுவிட்டு, உடனே சமையல் சோடாவை அள்ளித் தண்ணீரில் கரைத்துக் குடித்து, திடீரெனப் பெருகிய வாயுவால் இரைப்பையே கிழிந்த அரிதான நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் உண்டு. பொட்டலத்தில் வரும் நுரைக்கும் உப்பும் அடிப்படையில் சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும்தான். எப்போதாவது ஒரு பொட்டலம், நன்றாக நுரை அடங்கிய பிறகு, ஆரோக்கியமானவருக்குத் தீங்கில்லை. ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவருக்கு அதிலுள்ள சோடியம் மேலும் ஒரு சுமை. பான்ட்டோபிரசோல், ராபிபிரசோல் வகை மாத்திரைகள் அமிலச் சுரப்பைக் குறைப்பவை, நல்ல மருந்துகள். ஆனால் அவற்றைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட வேண்டும்; தின்ற பிறகு போட்டால் பலன் குறைவு. "கேஸ் மாத்திரைதானே" என்று தீபாவளியில் ஆரம்பித்து அடுத்த தீபாவளி வரை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வருடக்கணக்கில் போனால் பி12 குறையும், மெக்னீசியம் குறையும், குடல் தொற்று வாய்ப்பு கூடும். டோம்பெரிடோன் சேர்ந்த மாத்திரை என்றால், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போடுவதும் வேண்டாம். ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும் மருந்துகள் அவை. மது அருந்தியவர் தலைவலிக்குப் பாராசிட்டமாலைக் கணக்கில்லாமல் போடுவது கல்லீரலுக்கு நேரடி ஆபத்து.

விருந்து முடிந்ததும் விரதம்

நம் நாட்காட்டியில் தீபாவளி அமாவாசை முடிந்த கையோடு கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறது. ஆறு நாள். சிலர் ஒருவேளை உணவு, சிலர் பாலும் பழமும், சிலர் மிளகும் தண்ணீரும் மட்டும். திருச்செந்தூரில் கோயில் வளாகத்திலேயே தங்கி இருக்கிறவர்கள் எத்தனை பேர்! அந்தப் பக்தியைப் பற்றி எனக்கு மரியாதைதான் உண்டு. நல்ல உடல்நிலை உள்ளவருக்கு எளிய உணவோடு இருக்கும் விரதம் கெடுதல் செய்யாது. என் பதற்றம் சர்க்கரை நோயாளிகளைப் பற்றியது. 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். உங்கள் வீட்டில் விரதம் இருக்கிறவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

அவர் என்ன செய்கிறார்? பண்டிகையில் மைசூர்பாகும் லட்டும் தின்று சர்க்கரை ஏறிவிட்டது என்று மாத்திரையை ஒன்றுக்கு ஒன்றரையாகப் போடுகிறார். மறுநாள் விரதம், சாப்பாடு இல்லை, ஆனால் மாத்திரை மட்டும் வழக்கம் போல. கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் வகை மாத்திரைகளும் இன்சுலினும் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கும். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுக் குளறல், பிறகு மயக்கம். கூட்டத்தில் விழுந்தால் சாமி வந்திருக்கிறது என்றுகூட நினைத்துவிடுவார்கள். நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதற்கு நேர்மாறான இன்னோர் அபாயம் பலருக்குத் தெரியாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல "கிளிஃப்ளோசின்" என்று முடிகிற மாத்திரைகள் இப்போது பரவலாகக் கொடுக்கப்படுகின்றன. அதிகச் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள். இவற்றைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தாலோ, வாந்தி பேதியில் நீர் வற்றினாலோ ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் குவியும். வயிற்றுவலி, வாந்தி, வேகமான மூச்சு. கொடுமை என்னவென்றால், சர்க்கரையைச் சோதித்தால் பெரிதாக ஏறியிருக்காது. எனவே "சுகர் நார்மல், வெறும் கேஸ்தான்" என்று வீட்டிலேயே வைத்துவிடுவார்கள். தாமதமானால் உயிர் போகும். விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் போய், "ஆறு நாள் இப்படி இருக்கப் போறேன், எந்த மாத்திரையை நிறுத்தணும், எதைக் குறைக்கணும்?" என்று கேளுங்கள். அவர் விரதமே வேண்டாம் என்றால் அதையும் கேளுங்கள்.

மிச்சமும் பேதியும்

வாந்தி பேதி எல்லாமே அதிகம் தின்றதால் வருவதில்லை. அண்டாவில் ஆக்கிய பிரியாணி இரவு முழுக்க வெளியில் கிடந்தால் அதில் கிருமி பெருகும். சோற்றில் வளரும் பேசில்லஸ் கிருமியும், கைபட்ட பால்கோவாவில் வளரும் ஸ்டாஃபிலோகாக்கஸும் உண்டாக்கும் நச்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. "நல்லா சூடு பண்ணிட்டேன்" என்பது இங்கே காப்பாற்றாது. ஆக்கியதைச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். விட்டுப்போனதைக் கொட்டிவிடுங்கள், பணிப்பெண்ணுக்குக் கொடுக்காதீர்கள். அவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பேதி தொடங்கினால் முதல் மருந்து ஓஆர்எஸ். மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவன அளவுப்படி என்று அச்சிட்ட பொடியைக் கேட்டு வாங்குங்கள். ஓஆர்எஸ் என்ற எழுத்துகளைப் பெயரில் வைத்துக்கொண்டு சர்க்கரைப் பானம் விற்றார்கள். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை போட்டது. அந்த இனிப்புப் பானம் குழந்தையின் பேதியைக் கூட்டும். பொடி கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். நார்ஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்கைக் கடையில் கேட்டு வாங்கி இரண்டு மாத்திரை போட்டு நிறுத்துவது குடலின் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்று தீர்க்கும் வேலை. மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை — இவை இருந்தால் மருத்துவமனை.

தீபாவளி லேகியத்தைப் பற்றிக் கேட்பீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், தனியா எல்லாம் சேர்த்து வெல்லப்பாகில் கிளறி நெய்விட்டு இறக்கிய அருமையான பொருள் அது. வெறும் வயிற்றில் ஒரு சுண்டைக்காய் அளவு. அவ்வளவுதான் அதன் அளவு. நெல்லிக்காய் அளவுக்குக் கூட்டினால் வயிறு எரியும். சர்க்கரை நோயாளிக்கு அதில் வெல்லம் இருப்பது நினைவிருக்க வேண்டும். மிளகு, திப்பிலியில் உள்ள பைப்பரின் சில மருந்துகளை ரத்தத்தில் அதிகம் ஏறச் செய்யும். வலிப்புக்கு ஃபெனிட்டோயின் எடுப்பவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அப்படியானால் மறுநாள் என்னதான் செய்வது? பசிக்கும் வரை காத்திருங்கள். பசித்த பிறகு ரசம் சாதம், இட்லி, கஞ்சி, மோர். தண்ணீரில் ஊறிப் புளித்த பழைய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இருக்கின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலேயே அதைக் குடல் நோய்க்காக ஆராய்ந்தார்கள். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டால் அதிலுள்ள நார் அந்த பாக்டீரியாக்களுக்கு உணவு. பெருங்குடல் சுவரின் அணுக்கள் வாழ்வதே நாரிலிருந்து பாக்டீரியா தயாரிக்கும் பியூட்டிரேட்டை நம்பித்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி சொல்லியிருக்கிறார்கள். பண்டிகை வாரத்தில் நம் தட்டில் அதில் கால்வாசி விழுந்திருந்தாலே அதிசயம். ஆனால் ஒரே நாளில் சுண்டலும் முட்டைக்கோசுமாகத் திணித்தால் உப்பசம் கூடும். முதல் இரண்டு நாள் பூசணி, பீர்க்கு, சௌசௌ. பிறகு அவரை, கீரை, பயறு. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏற்றம் குறைகிறது. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். நெஞ்சு கரித்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். விட்ட தூக்கத்தைத் தூங்குங்கள்.

வாணலியில் மிச்சமிருக்கும் எண்ணெயை என்ன செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். முறுக்கு சுட்ட எண்ணெயில் அதிரசம், அதிரசம் சுட்ட எண்ணெயில் ஒரு வாரத்துக்கு அப்பளம் என்று ஓட்டாதீர்கள். திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் சிதைவுப் பொருட்கள் சேர்கின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் கடைகளுக்குச் சட்டமே இருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. ஒரு முறை பொரித்ததை வடிகட்டி இரண்டு நாளுக்குள் குழம்பு தாளித்துத் தீர்த்துவிடுங்கள். கறுத்து, பிசுபிசுத்து, நுரைக்கிறது என்றால் வெளியேற்றுங்கள். டப்பாவில் மீந்த பலகாரத்தையும் அன்றே பங்கு போடுங்கள். ஏனென்றால் உண்மையான சேதம் அந்த ஒரு நாள் விருந்தில் இல்லை. அமெரிக்காவில் 2000-ல் வெளியான ஆய்வில், பண்டிகைக் காலத்தில் ஏறிய எடை சராசரியாக 0.37 கிலோதான்; ஆனால் அடுத்த கோடைக்குள்ளும் அது இறங்கவில்லை. தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று நமக்கும் வரிசையாக வருகிறது.

ஒரு வாரம் எளிய உணவில் இருந்தும் வயிறு சரியாகவில்லை என்றால், அதைத் தீபாவளியின் கணக்கில் எழுதாதீர்கள். மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் கறுப்பாகப் போகும் என்றாலும் நீங்களே முடிவு செய்ய வேண்டாம். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கி விடாமல் தொடரும் அஜீரணம், இவற்றுக்கு மருத்துவர் எண்டோஸ்கோபி சொல்லலாம், பயந்து தள்ளிப்போடாதீர்கள். போகும்போது கடையில் வாங்கிய மாத்திரை அட்டைகள், சூரணப் பொட்டலம், சாறு பாட்டில், லேகிய டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "கேஸ் மாத்திரை ஒண்ணு போட்டேன் டாக்டர்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. அட்டையின் பின்பக்கம் உள்ள பெயரைப் பார்த்தால்தான் அடுத்து எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று அவரால் முடிவு செய்ய முடியும்.